அடி வாங்கின அடிமட்டம்

என் வலது கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் அது மட்டும் தனியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் நான் துரைசாணி மாதிரி ஸ்டைல் காட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த விரலை முறித்தது இங்கிலீஷில் ஒரு சின்னச் சொல். 'வித்' என்கிற சொல். அது வசனத்தின் கடைசியில் நிற்பதா, முன்னுக்கு வருவதா என்கிற வழக்கில் என் எலும்பு போனது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிற்பாட்டினார்கள். அப்பா செத்த பிறகு அண்ணன் எனக்கு வெள்ளவத்தையில் ஒரு கிளாக்கரைப் பார்த்துக் கட்டிவைத்தார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் வாய் ஓயாமல் சொன்ன காலம் அது. வெள்ளைக்காரன் ஆட்சி, உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. மாப்பிள்ளை வெள்ளை டிறில் கோட்டுப் போட்டுக்கொண்டு காலை ரயிலில் கோட்டைக்கு, அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போவார், பின்னேர ரயிலில் வருவார். குடியில்லை, சீட்டில்லை, வெற்றிலைகூடப் போடமாட்டார். அண்ணனுக்கு வேறென்ன வேண்டும்?

அவர் கையில் இருந்த ஒரே கெட்ட சாமான் அடிமட்டம். கந்தோரிலிருந்து கொண்டுவந்த கருங்காலி அடிமட்டம், உருளையானது, நல்ல பாரம். கோடு போடுவதற்கென்று செய்தது. எங்கள் வீட்டில் அது கோடு போட்டது என் முதுகில்.

இது எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். கந்தோரில் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் 'நீங்கள் குறிப்பிட்ட கடிதம்' என்று ஒரு வரி. அதை இங்கிலீஷில் எழுதும்போது 'டு' என்கிற சொல்லைக் கடைசியில் விட்டுவிட்டாராம். அது முன்னுக்கு வந்து 'டு விச்' என்று இருக்க வேண்டுமாம். வெள்ளைத் துரை அந்தக் கடிதத்தைச் சிவப்பு மையால் வெட்டி, எல்லாக் கிளாக்கர்மாருக்கும் முன்னால் பைலோடு தூக்கி இவர் முகத்தில் எறிந்திருக்கிறார். பதவி உயர்வுக்கு எழுதுகிற சோதனையிலும் இரண்டு தரம் இதே இடத்தில்தான் விழுந்தார். துரை கந்தோரில் எறிந்த பைல் எங்கள் வீட்டில் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பின்னேரமும் கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு மேசையில் இருப்பார். நான் எதிரில் நின்று இலக்கணப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சின்ன வசனங்களை வாசிக்க வேண்டும். 'இது ஒரு கதிரை. நான் அதில் இருந்தேன்.' அவர் இரண்டையும் ஒட்டி ஒரே வசனமாக்குவார். 'திஸ் இஸ் த செயர் ஒன் விச் ஐ சாட்.' சரியாக வந்தால் அடுத்தது. பிழைத்தால் நான் வாசித்தது பிழையென்று அடிமட்டம் என் முழங்கையில் விழும். கொஞ்ச நாளில் நானும் சொல்லவேண்டும் என்றார். தான் படித்ததை ஒருத்திக்குப் படிப்பித்தால்தான் மண்டையில் ஏறுமாம்.

விளக்கம் நன்றாகத்தான் சொல்வார், அதை நான் மறைக்கப்போவதில்லை.

"வித், டு, பை, ஒன் எல்லாம் பியோன்மார். விச், ஹூம் எல்லாம் துரைமார். துரை வரமுந்திப் பியோன் முன்னுக்கு ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேணும். துரை தனிய உள்ளுக்கு வந்து, பியோன் கடைசியில இளைச்சு இளைச்சு வந்து நிண்டா, அது என்ன கந்தோர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கும் ஒன்று விழுந்தது, தோள்மூட்டில்.

எனக்கு விளங்காமல் இருந்த விஷயம் வேறு. எங்கள் தமிழில் இந்தப் பியோன்மாரே இல்லையே! நான் இருந்த கதிரை. இருந்த, கதிரை, முடிந்தது. கதிரையில் இருந்தேனா, கதிரையோடு இருந்தேனா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அடித்த கை, அடித்த கம்பு, அடித்த நாள் எல்லாவற்றுக்கும் ஒரே 'அடித்த'. அடித்த ஆள் என்றால் அடித்தவனா, அடிபட்டவனா என்றுகூடச் சில நேரம் சொல்ல முடியாது. இங்கிலீஷில் அந்தச் சாட்டு எடுபடாது. எதனால், யாரால், யாருக்கு முன்னால் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அடி வாங்கிக்கொண்டே இதை யோசித்திருக்கிறேன். மனிசருடைய மண்டை ஒரு விசர் மண்டை.

மாமி, அவருடைய தாய், குசினி வாசலில் இருந்து மரக்கறி அரிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பா. "அடியாத மாடு படியாது" என்பது அவவின் தேவாரம். மகன் அதைவிட நல்ல தேவாரம் வைத்திருந்தார்: "அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்." இந்த அம்மி ஐந்து வருஷம் நகரவில்லை. முதுகில், தொடையில், ஒருமுறை காதோடு சேர்த்து. காதுக்குள் இரண்டு நாள் ரயில் ஓடியது. சீலையால் மூடக்கூடிய இடமெல்லாம் அவர் எழுதிப் பழகினார். நான் வாய் திறக்கவில்லை. என்னுடைய முதுகுதானே என்று இருந்தேன். எருமை!

அதற்குள் எங்களுக்குப் பிறந்த மகளுக்கு நாலு வயதாகியிருந்தது. அவளுக்கு எங்கள் பின்னேரப் பாடம் ஒரு பாட்டு. கதிரையில் ஏறிக் குதித்துக்கொண்டு, "செயர் விச் ஐ சாட் ஒன்! செயர் விச் ஐ சாட் ஒன்!" என்று ஒருநாள் கத்தினாள். அவர் பேனையை வைத்தார்.

"இஞ்ச வா. கையை நீட்டு."

பிள்ளை இனிப்புத் தரப்போகிறார் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டியது. ஒரு கைதான் போதும் என்றார். கருங்காலி விழுந்த சத்தம் ஒரு சின்னச் சத்தம், முட்டைக்கோது உடைந்த மாதிரி. பிள்ளை அழவில்லை. உள்ளங்கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. குசினிக்குள் ஓடி அரிவாளை எடுத்தேன், உண்மையைச் சொல்கிறேன், எடுத்தேன். மாமி என் சீலைத் தலைப்பைப் பிடித்துத் தொங்கினா. அவ பிடித்திராவிட்டால் நான் வேறு வழக்குக்குத்தான் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போயிருப்பேன்.

அடுத்த நாள் அவர் ரயில் ஏறியதும், அடிமட்டத்தைச் சீலைக்குள் செருகி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். சிங்களச் சார்ஜன்ட் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "கெதர யன்ட நோனா" என்றான். வீட்டுக்குப் போ என்கிறான். அடிமட்டத்தை அவன் மேசையில் வைத்தேன். பிள்ளையின் கையைப் பிரித்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளங்கை நீலம் பாரித்துக் கிடந்தது. அவன் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து என்ட்றி போட்டான்.

புதுக்கடையில் வழக்கு வந்தது. மேலே ராஜாவின் படம், கீழே நீதவான், வெள்ளைக்காரர். தமிழ் தெரியாது. இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள், வயதானவர், அன்றைக்கு நூறு வழக்குப் பார்த்துக் களைத்துப்போயிருந்தார். மேசையில் கிடந்த அடிமட்டத்தைக் காட்டி நான் சொன்னேன்:

"இதுதான் ஐயா, நான் அடி வாங்கின அடிமட்டம்."

அவர் நீதவான் பக்கம் திரும்பி என்னவோ முணுமுணுத்தார். நீதவானின் புருவம் ஏறியது. ஒரு கேள்வி வந்தது.

"நீர்தானோ வாங்கினது எண்டு கேக்கிறார்."

"ஓம் ஐயா. நான்தான் வாங்கினனான்."

"வேற ஆரும் வாங்கேல்லையோ?"

"பிள்ளையும் ஒண்டு வாங்கினது ஐயா."

கோட்டில் இருந்த சனம் முழுக்கச் சிரித்தது. பின்வாங்கில் இருந்த பொலிஸ்காரனும் சிரித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் சிரிக்கிறார்கள், அடி வாங்கினது அவ்வளவு பகிடியா என்று முகம் எரிய நின்றேன். என் மனிசர் தலையைக் குனிந்து, கெட்டித்தனமாக, கவலையோடு நின்றார். புருஷனும் பெண்சாதியும் சமாதானமாகப் போங்கள் என்று நீதவான் வழக்கைத் தள்ளினார். அதோடு, சாமானை வாங்கினவளிடமே கொடுக்கச் சொன்னார். அடிமட்டத்தை என் கையில் தந்தார்கள். நானே அதை பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனேன். எந்தச் சண்டாளனுக்கும் இந்தக் கோலம் வரக்கூடாது.

வீட்டுக்குள் வந்ததும் அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"'விச் ஐ பாட்' எண்டு சொல்லிப்போட்டான் அந்தக் கிழவன்! நீ கடையில வாங்கின ரூலராம்! ஒரு அடி ரூலர் வாங்கினாளாம் எண்டு விளங்கிக்கொண்டான்! மாடே, நீ இங்கிலீசில சொல்லியிருந்தா நான் இப்ப மறியலில கம்பி எண்ணிக்கொண்டு இருந்திருப்பன். எப்பிடிச் சொல்லியிருக்க வேணும்? சொல்லு பாப்பம்."

என் வலது கையைப் பிடித்து மேசையில் வைத்தார். பயத்தில் "த ரூலர் விச் ஐ வாஸ் பீட்டன்..." என்று இழுத்துக் கடைசியில் "வித்" என்றேன். பியோன் பின்னால் வந்துவிட்டான். அடிமட்டம் சுண்டுவிரலில் விழுந்தது. விரல் பக்கவாட்டில் திரும்பிப் போனதை நான் கண்ணால் கண்டேன். நோவு பிறகுதான் வந்தது.

"வித் விச்! த ரூலர் வித் விச் ஐ வாஸ் பீட்டன். இனிச் சொல்லு."

சொன்னேன். பத்துத் தரம் சொல்ல வைத்தார். நான் எதால் அடிபட்டேனோ அந்த அடிமட்டம். அந்த வசனத்தை எனக்குப் படிப்பித்தது அவர்தான், வேறு யாருமில்லை.

அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். புருஷனுக்குக் காலி வீதியில் துணிக்கடை. அவருடைய பெண்சாதியை நான் அவர்கள் வழக்கப்படி ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அவ அடுத்த நாள் பின் வேலியால் என் கையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினா.

"அல்லாஹ்வே! என்ன புள்ள இது? இவன் மனிசனா?"

"ராத்தா, எனக்குக் கொஞ்சம் கடுதாசி வேணும். ஒரு பேனையும்."

"யாருக்கு எழுதப் போறீங்க?"

"நீதவானுக்கு. இங்கிலீசில."

"உங்களுக்கு இங்கிலீஸ் வருமா?"

"அடிச்சு அடிச்சு ஏத்தியிருக்கிறார், ராத்தா. வராமல் எங்க போகும்?"

மத்தியானங்களில் மாமி நித்திரை கொள்ளும் நேரம் ராத்தாவின் குசினியில் இருந்து எழுதினேன். சுண்டுவிரலை அடுத்த விரலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. பதினொரு நாள் எடுத்தது. ஒவ்வொரு 'விச்'சுக்கும் முன்னால் பியோனைத் தேடித் தேடி நிற்பாட்டினேன். பெட்டிசத்தை, அந்த மனுவை, ராத்தாவின் புருஷர் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கே பிள்ளையோடு கொட்டாஞ்சேனைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அண்ணன் என் விரலைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். "குடும்பமெண்டா அப்பிடி இப்பிடித்தான். அவர் ஆள் அனுப்பியிருக்கிறார். பிள்ளையைத் தரட்டாம். இந்த முறையும் வழக்குத் தோத்தா நான் ஒண்டும் செய்யேலாது. நீயும் பிள்ளையும் திரும்பி அங்கதான்."

"தோத்தா நான் போறன். பிள்ளை போகாது."

"அது உன்ர கையில இல்லை." அவர் சொன்னது சரிதான்.

மறுபடியும் புதுக்கடை. அதே நீதவான், அதே மொழிபெயர்ப்பாளர். இந்த முறை நான் அடிமட்டம் கொண்டுபோகவில்லை, விரலைத்தான் கொண்டுபோனேன். என் மனிசர் ஒரு புறக்டரை, வக்கீலைப் பிடித்திருந்தார். அந்த மனிசன் எழும்பி நின்று, கதவில் விரலை நெரித்துக்கொண்டு வந்து புருஷன் தலையில் பழியைப் போடுகிறாள் என்றான். போன முறை ரூலர் வாங்கின கதை சொன்ன பெண் இது என்று ஞாபகப்படுத்தினான். கொஞ்சம் சிரிப்பு எழும்பியது. இவ்வளவு ஒழுங்கான இங்கிலீஷை ஐந்தாம் வகுப்புக்காரி எழுதியிருக்க முடியாது, வாசலில் நிற்கிற பெட்டிசக்காரன் எவனோ எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றான்.

நீதவான் கடுதாசியை என்னிடம் நீட்டினார். நீ எழுதினது என்றால் நீயே வாசி, வாசித்துவிட்டு அர்த்தத்தைத் தமிழில் சொல் என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போன முறை விட்ட பிழை பிறகு அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வாசித்தேன். 'த மேன் டு ஹூம் ஐ வாஸ் கிவன்.' நான் யாருக்குக் கொடுக்கப்பட்டேனோ அந்த மனிதர். 'த ஹவுஸ் இன் விச் வீ லிவ்ட்.' நாங்கள் எதில் வாழ்ந்தோமோ அந்த வீடு. 'த சைல்ட் ஃபோர் ஹூஸ் சேக் ஐ கம்.' நான் யாருக்காக வந்திருக்கிறேனோ அந்தப் பிள்ளை. பியோன்மார் எல்லோரும் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூண்டுக்குள் நின்ற என் மனிசர் ஒவ்வொரு வசனத்துக்கும் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தான் ஆட்டுவது அவருக்கே தெரியாது. பின்னேரப் பாடத்தில் ஆட்டுகிற அதே ஆட்டு.

கடுதாசியில் அடுத்த வசனமும் சரியாகத்தான் இருந்தது. 'வித் விச்' என்று என் கையெழுத்தில், முறிந்த விரலோடு எழுதியது. நான் அதைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். பிறகு நிதானமாக, உரத்து வாசித்தேன்:

"த ரூலர் விச் ஹீ பீட் மீ... வித்."

"வித் விச்!" என்று கூண்டுக்குள்ளிருந்து பாய்ந்தது சத்தம். "வித் விச், வித் விச்! எத்தினை தரமடி உனக்கு அடிச்சுச் சொல்லித் தந்தனான்!"

அவர் கை கூண்டின் கம்பியில் அடித்தது. கையில் அடிமட்டம் இல்லையென்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவர் என்ன சொன்னார் என்று நீதவான் கேட்டார். புறக்டர் விழுந்தடித்துக்கொண்டு எழும்பினான். தமிழில் 'அடித்துச் சொல்வது' என்றால் உறுதியாகச் சொல்வது, அது வெறும் பேச்சு வழக்கு என்றான். பொய்யில்லை, அப்படியும் இருக்கிறதுதான். நீதவான் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அந்த மனிசனின் ஒரு வார்த்தையில் என் பிள்ளையின் கை தொங்கிக்கொண்டிருந்தது.

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் இந்த முறை எல்லாவற்றையும் கேட்டேன்.

'அடித்துச் சொல்கிறேன் என்றால் உறுதியாகச் சொல்கிறேன் என்று அர்த்தம் வரும், சேர். அடித்துச் சொல்லித் தந்தேன் என்றால் அடித்ததுதான். போன முறை இந்தப் பெண் சொன்னதை நான் பிழையாகச் சொன்னேன். இவள் ரூலரை வாங்கவில்லை. அடியைத்தான் வாங்கினாள்.'

அம்மி நகர்ந்தது. அவருக்குத் தண்டம் விதித்து, எனக்கும் பிள்ளைக்கும் கிட்ட வரக்கூடாதென்று பிணையில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து நல்ல வடிவான கையெழுத்து. மகள் என்னோடு என்று தீர்ந்தது. வெளியில் வந்து, புதுக்கடை வாசலில், சனம் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சோதனை பாஸ் பண்ணினாரா என்று நான் விசாரிக்கவில்லை. நாசமாய்ப் போகட்டும்.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பெண்களுக்குப் பெட்டிசம் எழுதினேன். துறைமுகத் தொழிலாளரின் பெண்சாதிமார், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வீடுகளில் வேலை செய்கிற பிள்ளைகள், எல்லோரும் வருவார்கள். எதால் அடித்தான், யாருக்கு முன்னால் அடித்தான் என்று கேட்டுக் கேட்டு எழுதுவேன். தமிழில் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கிலீஷ் கேட்டு வாங்கும்.

மகளுக்குப் பத்து வயதானபோது ஒரு பின்னேரம் பள்ளிக்கூட வேலை எழுதிக்கொண்டிருந்தாள். நான் அரிசி அரித்துவிட்டு ஈரக் கையோடு பின்னால் வந்து எட்டிப் பார்த்தேன். 'த ஹவுஸ் விச் வீ லிவ் இன்' என்று எழுதியிருந்தாள்.

என் கை ஓங்கியது. நான் ஓங்கவில்லை, அதுவாக ஓங்கியது. தண்ணீர்ச் சொட்டு அவள் கொப்பியில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவுமில்லை. பென்சிலை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

"பிழையா அம்மா?"

"பிழைதான். பிழையாவே கிடக்கட்டும். நீ எழுது, பிள்ளை."

அவள் எழுதவில்லை. கையை மடக்க அவளுக்குக் கனநேரம் எடுத்தது.